நாலடித் தொட்டி

உக்கடத்துக் கடையில் பாஸ்கரதாஸ்
ஆறு ரெயின்போக்களைப் பையிலிட்டு
ஆக்சிஜன் அடித்து ரப்பர் பேண்டு சுற்றியபோது
எல்லாம் சாம்பல் நிறம்.
"எங்கண்ணா வானவில்?"
"வருசம் ஒண்ணு ஆகட்டும்மா,
இப்பவே கேட்டா எப்பிடி?"

குஞ்சப்பனை தாண்டியதும் காது அடைத்தது.
மடியில் பை உப்பிக்கொண்டே வந்தது.
கோயம்புத்தூர்க் காற்று
மேலே வர வர விரிகிறது.
அரவேணுவில், வெடித்துவிடும் என்று
பக்கத்து சீட்டு அம்மாள் நகர்ந்து உட்கார்ந்தார்.
ஆறும் ஒரே மூலையில்.

கோத்தகிரி இ-சேவை மையத்தில் எனக்கு வேலை.
கம்யூனிட்டி என்ற சொல்லை
நாளைக்கு நாற்பது தடவை தட்டுகிறேன்.
"கம்யூனிட்டி டேங்குக்குத் தோதான மீனுங்க" என்று
பாஸ்கரதாஸ் சொன்னபோது சிரித்துவிட்டேன்.
அவருக்கு ஏன் என்று தெரியவில்லை.

அடியில் மீசையால் மணல் துழாவும் கோரிகள்.
நடுவில் நியான்கள்.
கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு
யாரோடும் பேசாத சக்கர்.
மேல்தளத்தில் ரெயின்போ,
முனைக்கு முனை ஓயாத ட்ரிப்.
தீனி போடும்போது மட்டும் தள்ளுமுள்ளு.
நியான்களுக்கு எட்டுமுன் தீர்ந்துவிடும்.
இரண்டு கையாலும்
இரண்டு ஓரத்தில் ஒரே நேரம் தூவப் பழகினேன்.

எங்கள் குழாயில் வருவது
சோலையில் கசிந்த தண்ணீர்.
சோப்பு போட்டால் நுரை போகாது,
தேநீர் கொதித்தால் தெருவுக்கே மணக்கும்.
இவற்றுக்கு அது ஆகவில்லை.
முதல் மாதமே பெரியவன்
துடுப்பை மடக்கி ஓரம் கட்டினான்.
தூத்துக்குடியிலிருந்து தம்பி அனுப்பிய
சிப்பி ஓட்டை இடித்து
பழைய காலுறையில் கட்டி
பில்டருக்குள் போட்டேன்.
பத்து நாளில் துடுப்பு விரிந்தது.
நிறம் மட்டும் அதே சாம்பல்.

கிருபாகரன் நாலாவது முறையாக வந்தான்.
தாத்தாவின் பாஸ்போர்ட்,
தலைமன்னார் முத்திரை,
மடிப்பில் கிழிந்த குடும்ப அட்டை.
இருநூறு கேபிக்கு மேல் போனால் ஏற்காது.
தாத்தாவின் முகத்தைச் சுருக்கினேன்,
இன்னும் சுருக்கினேன்,
கண்ணும் மூக்கும் கட்டம் கட்டமாயின.
நிலுவையில் உள்ளது என்றது திரை.
"எங்கிருந்து வந்தீங்கன்னே கேக்கறாங்கக்கா.
நான் கீழ்க்கோத்தகிரியில பொறந்தவன்."

ஜனவரி.
புல்லில் உப்புக் கொட்டியதுபோல் உறைபனி.
இரவு பதினொன்றுக்குக் கரண்ட் போனது.
ஹீட்டரின் சிவப்புப் பொட்டு அணைந்தது.
இருபத்துநாலு.
இருபத்திரண்டு.
கேஸில் வெந்நீர் காய்ச்சி
காலி கூல்டிரிங்க்ஸ் பாட்டில்களில் ஊற்றி
மிதக்கவிட்டேன்.
என் கம்பளியைத் தொட்டிக்குப் போர்த்தி
நான் இரண்டு ஸ்வெட்டரோடு
ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.
மூன்று மணிக்கு ஓரத்தைத் தூக்கி டார்ச் அடித்தால்
மேல்தளம் கீழ்த்தளம் இல்லாமல்
ஒரே பாட்டிலைச் சுற்றி அத்தனை பேரும்.
தொண்டை அடைத்தது, பொய் சொல்லவில்லை.
விடிந்ததும் எண்ணிப் பார்த்தேன்.
நியானில் ஒன்று குறைந்தது.
ரெயின்போவின் வாய் அப்படியொன்றும் சின்னதில்லை.

ஆறே முக்காலுக்குக் கிழக்கு ஜன்னலில் வெயில்.
கம்பளியை இழுத்தேன்.
சிப்பி ஓட்டில் பிழைத்த அந்தப் பெரியவன்
தலைப்பக்கம் நீலம்,
வால்பக்கம் சூடான ஆரஞ்சு,
இரண்டும் எங்கே கைமாறுகின்றன என்று
கண்ணால் பிடிக்க முடியவில்லை.
நெற்றியில் ஒரு வெளிச்சக் கோடு
பொசுக்கென்று எரிந்து அணைந்தது.
எதிரில் இன்னொருவனும் ஏற்றினான்.
சண்டையா, பெண்ணுக்கா?
இரண்டும்தான் போல.
பாசிக்குள் நடுங்கி நடுங்கி
முட்டை வைத்தாள் ஒருத்தி.
சற்றுத் தள்ளிப் போய்த் திரும்பி வந்து
அதையே தின்றாள்.

அரைமணி நேரம் தாமதமாகப் போனேன்.
வாசலில் கிருபாகரன், அதே பிளாஸ்டிக் கவர்.
சர்வர் வரவில்லை.
போனில் எடுத்த வீடியோவைக் காட்டினேன்.
இரண்டு முறை பார்த்தான்.
"எந்த ஊர் மீனுக்கா?"
"உக்கடம்" என்றேன்.
சிரித்துவிட்டு
மூன்றாவது முறை பார்த்தான்.